தூண்டிலுக்கு நாளும் வேளையும்

தோணியிற் சென்று தூண்டில் போடுகின்றவன் மீனைத் தேடிப் போகலாம். கரையில் நிற்பவனோ மீன் தன்னிடம் வரும்வரையிற் காத்திருக்க வேண்டியவன். ஆதலால், மீன் எவ்வேளையில் கரையை அண்டுகின்றது, எதனை நாடி அண்டுகின்றது என்னும் இரண்டையும் அறியாதவனுக்கு விலையுயர்ந்த தூண்டிற்கோலாற் பயனில்லை. அறிந்தவனுக்கு ஒரு சுருள் தங்கூசியும், ஓர் ஈயக்குண்டும், இரண்டு முட்களும் போதும்.

அலை உடையும் இடத்தில் மணல் ஓயாது கிளறப்படுகின்றது. அம்மணலிற் புதைந்திருந்த புழுக்களும் சிறு நண்டுகளும் வெளிப்படுகின்றன. அவற்றைத் தின்னக் கிழக்கன் முதலிய சிறு மீன்கள் வரும். அவற்றைத் தின்னப் பாரை வரும். ஆனால், முழங்காலளவு நீரில் நண்பகல் வெளிச்சத்தில் உலாவுவது மீனுக்கு ஆபத்து. மேலே பறவை காணும். பக்கத்திற் பெரிய மீன் காணும். ஆகையாற்றான் விடியலுக்கு முன்பின்னாக ஒரு மணி நேரமும், பொழுது சாய்ந்தபின் ஒரு மணி நேரமும் கரைத்தூண்டிலுக்குச் சிறந்த வேளைகளாகின்றன. காலை ஒன்பது மணிக்குக் குடையும் சாப்பாட்டுப் பொதியுமாகப் புறப்படும் குடும்பத்தினர் காற்று வாங்கித் திரும்பலாம். கறிக்கு மீனைச் சந்தையில் வாங்குவதே நலம்.

இங்கிலாந்தில் எழுதப்பட்ட தூண்டில் நூல்களைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்நூல்கள் கடலின் வற்றுப் பெருக்கையே முதன்மையாகப் பேசும். அந்நாட்டுப் பிறிஸ்ரல் கால்வாயில் நீர் நாற்பது அடிக்கு மேலும் ஏறி இறங்குவதுண்டு. இலங்கைக் கரைகளிலோ அமாவாசை, பௌர்ணமிப் பெருக்குங்கூட ஏறத்தாழ இரண்டடியே. எனவே, திறந்த கடற்கரையில் நமக்கு வெளிச்சமே முதற்கணக்கு, பெருக்கு இரண்டாவது. களப்பு கடலோடு கூடும் முகத்துவாரங்களில் மட்டும் இம்முறை மாறும். குறுகிய வாயினூடாக நீர் பாய்வதால், அங்கே இரண்டடி ஏற்றமும் பெரிய ஓட்டமாகின்றது. அவ்வோட்டம் இரையை இழுத்துவரும் நேரமே அங்கு நல்ல நேரம்.

பெருக்கு நேரத்தை அறிய அட்டவணை தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பஞ்சாங்கம் போதும். சந்திரன் நாளொன்றுக்குச் சராசரி ஐம்பது நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகின்றது. பெருக்கும் அவ்வாறே பிந்துகின்றது. நாளொன்றில் இரண்டு பெருக்குகள் உள்ளமையால், பதினைந்து நாளிற் கணக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். அமாவாசையன்று உமது ஊர்க்கரையில் நீர் நிறைந்த மணியை ஒருமுறை குறித்துக்கொண்டால், பௌர்ணமியன்றும் ஏறக்குறைய அதே மணிதான். அதாவது, வளர்பிறையாயினும் தேய்பிறையாயினும் ஒரே திதிக்கு ஒரே நேரம். மணி ஊருக்கு ஊர் வேறுபடும். களப்பினுள்ளே மிகவும் பிந்தும். ஆகவே, ஒரு கம்பை நட்டு உமது கண்ணாலேயே பார்த்துக் குறித்தல் வேண்டும். பாடசாலை மாணவர்க்கு இது நல்லதொரு விடுமுறைப் பயிற்சி.

ஓர் உதாரணம் காண்போம். அமாவாசையன்று நண்பகல் 12 மணிக்கு நீர் நிறைகின்றதென வைத்துக்கொள்வோம். எட்டு நாள் கழிந்தால் மாலை 7 மணியளவில் நிறையும். அன்று மங்கற்பொழுது முழுவதும் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். அட்டமியை ஒட்டிய நாள்களிற் பெருக்கு மெலிந்திருக்கும் என்பது மெய். எனினும், நண்பகலில் வரும் பலத்த பெருக்கைவிட, மாலையில் வரும் மெலிந்த பெருக்கையே நாம் தெரிந்துகொள்வோம்.

காற்றும் பார்க்கவேண்டியதே. சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக்கரை கொந்தளிக்கத் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகள் அமைதியுறும். வாடை பிறந்தால் நிலைமை மாறும். நீர் சற்றே கலங்கியிருப்பது நன்று. மாரி வெள்ளம் பாய்ந்து செந்நீராகிவிட்டால், கெளிறு தவிரப் பிறவற்றை அதிகம் எதிர்பார்த்தல் வீண்.

இனி இரை. அந்தக் கரையில் மீன் நாளும் தின்பது எதுவோ, அதுவே தலைசிறந்த இரை. அலை வாங்கும்போது ஈரமணலுக்குள் பின்புறமாகப் புதையும் விரல்நுனியளவான பூச்சிநண்டைப் பலர் மிதித்துக்கொண்டு நடக்கின்றார்கள். கடையில் வாங்கும் இரைகள் பலவற்றினும் அது மேலானது. கிழக்கனுக்குச் சேற்றுப் புழுவும், தோலுரித்த இறாலின் சிறு துண்டும் ஏற்றவை. அதன் வாய் சிறிதாகையால் முள்ளும் சிறிதாயிருத்தல் வேண்டும். பாரைக்குச் சூடை மீனின் நீளத்துண்டு நல்லது. ஆனால், சூடையின் தசை மென்மையானது, வீசும்போதே கழன்றுவிடும். முதல்நாள் இரவே துண்டாக்கி உப்பிட்டு வைத்தால் இறுகும். நண்டுகள் இரையைக் களவாடும் கரையிற் கணவாய்த் துண்டே நின்றுபிடிக்கும். துள்ளும் மணலைக் கூட்டத்தைக் கண்டு இறாலை வீசுவோர் ஏமாறுவர். பாசியும் சேறும் மேயும் அம்மீனுக்குப் பிசைந்த பாண் உருண்டை பொருந்தும். எதுவாயினும் புதியதாயிருத்தல் வேண்டும். பழுதடைந்த இறாலைத் தூண்டிலுக்கென்று ஒதுக்கிவைக்கும் இல்லத்தரசிகள் மன்னிப்பார்களாக!

வீசும் இடத்தைத் தெரிய, கரையின் மேட்டில் நின்று ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள். இருபுறமும் அலை வெண்ணுரையாய் உடைய, நடுவே ஓரிடம் உடையாது கருத்துத் தோன்றும். மணல் மேடுகளுக்கிடையே உள்ள பள்ளம் அது. கரையில் ஏறிய நீர் அதன் வழியே கடலுக்குத் திரும்பும்போது இரையையும் இழுத்துச் செல்வதால், மீன் அதன் ஓரங்களிற் காத்திருக்கும். ஆயின், குளிப்போரைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதும் இதே பள்ளந்தான். அலையின்றி அமைதியாய்த் தோன்றுவதாற் பிள்ளைகள் அங்கேயே இறங்க விரும்புவர். தந்தையார் தூண்டிலிற் கண்ணாயிருக்கும் அந்த மாலை வேளையிற் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் கரையில் இருந்தே ஆகவேண்டும். எவரேனும் இழுக்கப்பட்டால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தலாகாது. கரைக்கு ஒப்பாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகியபின் கரையை நோக்குதல் வேண்டும்.

இருளில் முள்ளைக் கழற்றும்போது கெளிறைக் கையாற் பற்றாதீர்கள். முதுகில் ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக அதற்குள்ள மூன்று முட்களும் நஞ்சுடையவை. குத்திவிட்டால், தோல் வேகாத அளவில் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரிற் கையை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கக் கூடுமாதலால், வலி போனபின்னும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.