பெயர் மறைத்த வாள்

ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் ஆசிரியர் பெயரைத் தேடுவது நம்மவர் வழக்கம். பெயர் பெரிதாயின் நூலும் பெரிதென்று கொள்ளுகின்றோம். பெயர் கேட்டறியாததாயின் நூலை அசட்டை செய்கின்றோம். இவ்வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு பயிற்சி யப்பான் தேசத்தில் உண்டு. அது புலவர் அவையில் நிகழ்வதன்று. பழைய வாள்களைச் சேர்ப்போரும் சுவைப்போரும் கூடும் அவையில் நிகழ்வது. அதனைப் பற்றி ஆசிரியரும் மாணாக்கரும் சிறிது சிந்தித்தல் நலம் என்பது என் கருத்து.

யப்பானிய வாளிலே கொல்லன் தன் பெயரைப் பொறிக்கும் இடம் வெளியில் தெரிவதன்று. கைப்பிடிக்குள் மறைந்து கிடக்கும் காம்பிலே அவன் உளியால் அதனை வெட்டுவான். நாக்காகோ என்பது அக்காம்பின் பெயர். வாள் ஆராய்வோர் கூடும்போது, கைப்பிடியைக் கழற்றி, காம்பை மட்டும் மூடி, வாளை வரிசையாக வைப்பர். கூடியிருப்போர் ஒருவர்பின் ஒருவராக வந்து, வாளுக்குத் தலைவணங்கி, அதனைக் கையில் ஏந்தி, விளக்கொளியிலே சாய்த்துப் பார்ப்பர். ஈரம் படுமென்று அதன்மீது வாய் திறந்து பேசார். அலகை விரலால் தீண்டார். பின்னர், இதனைச் செய்தவன் இன்னான் என்று ஒரு சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுப்பர். இதற்குக் கந்தெயி என்று பெயர்.

பெயரைக் காணாமல் எதனைக் கொண்டு ஆளை அறிவது? முதலாவது வடிவம். 13ஆம் நூற்றாண்டில் குதிரைவீரன் இடையிலே தொங்கவிட்ட நெடுவாளின் நீளமும் வளைவும் வேறு. பிற்காலத்தவன் கச்சிலே செருகிய வாளின் நீளமும் வளைவும் வேறு. ஆகவே, வடிவம் காலத்தைச் சொல்லும். இரண்டாவது உருக்கின் ரேகை. உருக்கை மடித்து மடித்து அடிப்பதனால் அறுத்த மரப்பலகையிற் காண்பது போன்ற ரேகைகள் அதன் மேனியிலே தோன்றும். யமாதோ நாட்டுக் கொல்லர் நேர் ரேகையை விரும்பினர். மூன்றாவது அலகின் கோலம். வாளின் முதுகிலே களிமண்ணைத் தடிப்பாகவும், அலகிலே மெல்லிதாகவும் பூசி, செந்தழலிற் காய்ச்சி, நீரிலே தோய்ப்பர். அலகு விரைந்து குளிர்ந்து கடினமாகும். முதுகு நெகிழ்வுடன் நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்மையான ஒரு கோலம் படியும். அதுவே ஹமோன். பிசென் நாட்டார் அதனைக் கராம்பு மொட்டுகளை அடுக்கியது போல அமைத்தனர். அவர்தம் வாளிலே அக்கோலம் மூடுபனி போலக் காணப்படும். சகாமி நாட்டார் வாளிலோ கண்ணுக்குத் தெரியும் மணிமணியான துகள்கள் விண்மீன்களென மின்னும்.

சீட்டைப் பெற்ற நடுவர் சரி, பிழை என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடுவதில்லை. கொல்லன் பெயரையே சரியாகச் சொன்னவனுக்கு ‘அத்தாரி’ என்பர். பட்டது என்பது பொருள். அவனுக்கு மிக அணுகிய மற்றொருவன் பெயரைச் சொன்னவனுக்கு ‘தோசென்’ என்பர். ஒத்தது என்பது பொருள். ஆளைத் தவறவிட்டும் மரபை அறிந்தவனுக்கு ‘தோரி யொஷி’, அஃதாவது ‘வழி நன்று’ என்பர். முற்றும் பிழைத்தவனுக்கே ‘இயா’. இவற்றுள் ‘வழி நன்று’ என்னும் விடையை நான் பெரிதும் மதிக்கின்றேன். விடை பிழைத்தாலும் காரணம் பிழையாதவனை அது கைவிடவில்லை. நமது பரீட்சைத் தாள்களில் இவ்விடைக்கு இடம் உளதா என்பதை ஆசிரியர்களே சொல்லல் வேண்டும்.

பெயரை மறைத்தல் வெறும் விளையாட்டன்று. அதற்குத் தக்க காரணம் உண்டு. பெயர் பொய் சொல்லும். 17ஆம் நூற்றாண்டில் எதோ நகரில் வாழ்ந்த நகசொனே கொதெத்சு என்பவன் முதலில் கவசம் செய்தவன். நடுவயது கடந்தபின் வாள்தொழிலுக்கு வந்து பெரும்புகழ் பெற்றான். அப்புகழே அவனுக்குப் பகையாயிற்று. அவன் பெயரை வெட்டிய போலி வாள்கள் மலிந்தன. காம்பை மட்டும் பார்த்துப் பொருள் கொடுத்தவன் உளியின் நாலு கீற்றுக்குப் பொருள் கொடுத்தவனானான்.

மறுபுறம், பெயரே இல்லாத பெருமையும் உண்டு. யப்பானிய வாட்கொல்லர் எல்லாருள்ளும் தலைசிறந்தவன் எனப் போற்றப்படுபவன் மசமுனே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சகாமி நாட்டிலே வாழ்ந்தவன். அவன் பெயர் பொறித்தனவாக ஏற்கப்படுவன ஒரு சில குத்துவாள்களே. அவனுடையன எனப்படும் நெடுவாள்களிற் பல, போர்முறை மாறியபோது அடிப்பக்கமாக வெட்டிக் குறுக்கப்பட்டவை. பெயர் இருந்திருப்பினும் அது காம்போடு போயிற்று. ஹொன்னாமி என்னும் ஆராய்ச்சிக் குடும்பத்தார் உருக்கையும் கோலத்தையும் பார்த்தே ‘இது மசமுனே’ எனத் தீர்ப்புக் கூறினர். அவனது புகழ் முழுதும் வாசித்தவர்களின் கண்ணிலே நிலைத்து நிற்கின்றது.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. ‘சஞ்சோமோ’ என்பது 13ஆம் நூற்றாண்டிலே பிசென் நாட்டு இச்சிமொஞ்சிக் கொல்லர் செய்த ஒரு வாள். அலகின் கோலம் மலைப்பறவையின் இறகு போலிருத்தலின் அப்பெயர் பெற்றது என்பர். உயெசுகி கென்ஷின் என்னும் தலைவனிடம் இருந்தது. இன்று தேசியச் செல்வங்களுள் ஒன்று. அதன் காம்பிலே பெயர் இல்லை. அவ்வாள் பிறந்த நாட்டுப் பகுதியிலுள்ள செத்தொவுச்சி நகரம், மக்களிடம் நன்கொடை திரட்டி, 2020ஆம் ஆண்டில் 50 கோடி யென் கொடுத்து அதனை வாங்கியது. பெயரில்லாப் பொருளுக்கு ஒரு சிறு நகரம் செய்த மரியாதை இது.

வாளுக்கு உரியது அதன் அணிகளுக்கும் ஒக்கும். கையைக் காக்கும் தட்டு, பிடியில் இழைக்கும் சிற்றுருவங்கள், சிறுகத்தியின் பிடி என்பன தனிக்கலையாக வளர்ந்தவை. செம்பிலே சிறிது பொன் கலந்து, நீலம் பாய்ந்த கருநிறம் ஏற்றி, மீன்முட்டை போன்ற நுண்புள்ளிகளை வரிசை பிறழாது பதித்தல் அவர்தம் திறன். 15ஆம் நூற்றாண்டில் யூஜோ என்பவரால் தொடங்கிய கோத்தோ குடும்பம் பல தலைமுறை இக்கலையில் தலைமை பூண்டது. முன்னோர் பெரும்பாலும் பெயர் பொறித்திலர். பிற்காலச் சந்ததியாரே முன்னோர் வேலையை ஆராய்ந்து இன்னார் செய்தது எனப் பொறித்தனர். அப்பொறிப்பும் ஒரு கருத்தேயன்றிக் கையொப்பம் அன்று.

அங்ஙனமாயின் பெயரால் பயனில்லையோ எனின், அற்றன்று. ஐயமற்ற பெயரும் ஆண்டும் பொறித்த வாள்கள் இல்லையாயின், பெயரில்லாதவற்றை எதனோடு ஒப்பிடுவது? அவை அளவுகோல்கள். ஆனால் பெயர் இறுதியில் வரவேண்டிய சாட்சி. அச்சாட்சியையும் தனியே விசாரித்தல் கூடாது. காம்பின்மேற் படிந்த துருவின் நிறமும், அரத்தின் தடங்களும் பெயரோடு ஒத்திருத்தல் வேண்டும். பழங்காம்பின் துருவை அகற்றலாகாது என்பது சேர்ப்போரின் முதல் விதி. வாளுக்கு அழகு செய்வதாக எண்ணி அதனைத் தேய்ப்பவன், பல நூற்றாண்டு எழுதிய சான்றை ஒரு நாளில் அழிக்கின்றான். இரும்புத் தட்டின் கருமையைச் சுரண்டுபவனும் அவன் இனமே.

இனி, கொலைக்கருவியைச் சுவைப்பது தகுமோ என ஒருவர் வினவலாம். இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. 1942 முதல் 1945 வரை மலாயாவில் வாழ்ந்த நம்மவர்க்கும், சீயம் இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்க்கும் யப்பானிய அதிகாரியின் இடையிலே தொங்கிய வாள் கலைப்பொருளாகத் தோன்றியிராது. அவ்வாள்களிற் பெரும்பாலன தொழிற்சாலையிற் செய்தவை. ஆயினும் பழங்குடும்ப வாள்களும் அவற்றிடையே இருந்தன. அலகின் அழகு எந்தக் குற்றத்தையும் கழுவிவிடாது. அதனைச் சுவைப்போன் இந்நினைவையும் உடன்வைத்தே சுவைத்தல் வேண்டும்.

எனினும், 1945இல் நிகழ்ந்ததை நோக்குக. யப்பான் சரணடைந்தபின் வாள்களையெல்லாம் ஒப்படைக்குமாறு கட்டளை பிறந்தது. நேற்றுத் தொழிற்சாலையில் வந்ததும், எழுநூறு ஆண்டு வாழ்ந்ததும் ஒரே குவியலிற் கிடந்தன. பல அழிந்தன, பல பிறநாடு சென்றன. தொக்குகவா குடும்பத்தின் ‘ஹொஞ்சோ மசமுனே’ அக்காலத்தில் ஒப்படைக்கப்பட்டு இன்றுவரை அகப்படவில்லை. அந்நிலையில் ஹொன்மா ஜுன்ஜி, சாத்தோ கன்ஸான் என்னும் அறிஞர்கள் கட்வெல் என்னும் அமெரிக்கக் கேணலை அணுகி, படைக்கலம் வேறு, கலைப்பொருள் வேறு என்று எடுத்துரைத்தனர். கலைவாள்களைப் பாதுகாக்கும் சங்கம் 1948இல் அமைந்தது. அதன் அரும்பொருட்சாலை தோக்கியோவில் இன்றும் உள்ளது. குவியலிலிருந்து நல்லதை வேறுபிரிக்கும் கண் உடையவர் சிலர் இருந்தமையாலேயே எஞ்சியவை எஞ்சின. காம்பை மூடிப் பழகிய பயிற்சி அன்று பயன்தந்தது.

இப்பயிற்சியை நம் வகுப்பறைக்குக் கொண்டுவரப் பெருஞ்செலவு வேண்டா. புலவர் பெயரை மறைத்து ஒரு செய்யுளைக் கரும்பலகையில் எழுதுக. இது எக்காலத்தது, எந்த மரபினது, எதனால் அவ்வாறு சொல்கின்றாய் என்று மாணாக்கனைக் கேட்க. சொல்லையும் யாப்பையும் பொருளையும் அவன் தானே துருவட்டும். பெயரைத் தவறவிட்டு மரபைப் பிடித்தானாயின், ‘வழி நன்று’ என்று மனமுவந்து சொல்லுக. மூடியதைத் திறந்து பெயரைக் காட்டுவது அதன் பின்னர் ஆகட்டும்.