முதல்ல நாடு, அப்புறம் நீங்க



ஒரு தேசம் பிறந்த கதையைச் சினிமாவாக எடுத்தால் கொடியும் கோஷமுமாய்ப் புல்லரிக்க வைப்பதுதான் வழக்கம். அமெரிக்கா பிறந்த கதையைச் சொல்லும் '1776' படத்தை அப்படி ஒதுக்கித் தள்ள முடியாது. 1969இல் பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகம் அது. பாட்டும் இசையும் ஷெர்மன் எட்வர்ட்ஸ், வசனம் பீட்டர் ஸ்டோன். மேடையில் இயக்கிய பீட்டர் ஹன்ட்டே 1972இல் படமாகவும் எடுத்தார். பிலடெல்பியாவில் ஒரு கூடம், கோடை வெக்கை, கனவான்கள். இங்கிலாந்து ராஜாவை விட்டுப் பிரிவதா வேண்டாமா என்று பாடிப் பாடியே அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் அடிமைகளை வைத்து ஒரு பேரம் நடக்கிறது. படம் அதை மறைக்கவில்லை. அதனால்தான் அதோடு சண்டை போடவும் எனக்குத் தோன்றுகிறது.

ஜெஃபர்சன் எழுதிய பிரகடன வரைவில் அடிமை வியாபாரத்தைக் கண்டிக்கும் ஒரு பத்தி. அதை எடு, இல்லாட்டி நாங்க வெளியே போறோம் என்று எழுந்திருக்கிறார் தெற்குக் கரோலினாவின் ரட்லெட்ஜ். நேரே வடக்கத்தியரைப் பார்த்துப் பாடுகிறார். கரும்புப் பாகு வாங்கி ரம் காய்ச்சி, அந்த ரம்மைக் கொடுத்து ஆப்பிரிக்காவில் மனுசரை வாங்கி ஏற்றி வந்த கப்பல்கள் யாருடையவை? பாஸ்டன் முதலாளிக்கு அந்த லாபம் எங்கிருந்து வந்தது? சபை வாயடைத்துப் போகிறது. பண்ணை வைத்தவன் கையிலும் ரத்தம், கப்பல் விட்டவன் கையிலும் ரத்தம்.

படத்தின் உச்சம் இதுதான். ஆனால் கவனியுங்கள். 'நீ மட்டும் யோக்கியமா' என்ற கேள்வி இங்கே யாரையும் விடுவிப்பதற்காகக் கேட்கப்படவில்லை. ரெண்டு பேரும் வாயை மூடிக்கொள்ளத்தான் கேட்கப்படுகிறது. அப்புறம் பிராங்ளின் வருகிறார்: முதலில் விடுதலை, மற்றது பிறகு. ஆடம்ஸ் பணிகிறார். ஜெஃபர்சன் தன் பேனாவாலேயே பத்தியை அடிக்கிறார். பிறகே தெற்கின் ஓட்டு விழுகிறது. பார்க்கிறவர் 'வேற வழி இல்லியே' என்று பெருமூச்சு விட்டு எழுந்து போகலாம்.

வேற வழி இல்லை என்பதே நாடகம் கட்டியதுதான். வரலாற்றில் விடுதலைக்கான ஓட்டு 1776 ஜூலை 2ஆம் தேதியே முடிந்துவிட்டது. 12 மாகாணங்கள் ஆதரவு, நியூயார்க் மட்டும் ஒதுங்கி நின்றது. பிரகடனத்தின் வாசகத்தைத் திருத்த உட்கார்ந்தது அதற்கப்புறம். பத்தி வெட்டுப்பட்டதும் அப்போதுதான். தெற்குக் கரோலினாவும் ஜார்ஜியாவும் மனம் கோணக் கூடாதென்று வெட்டினார்கள், அடிமைகளைக் கப்பலில் ஏற்றி வந்த வடக்கத்தியருக்கும் அது கொஞ்சம் உறுத்தியது என்று பின்னாளில் ஜெஃபர்சனே எழுதி வைத்திருக்கிறார். எசமானுக்கு எசமான் காட்டிய மரியாதை அது. அந்தப் பத்தியும் லேசுப்பட்டதல்ல. பழியை ராஜா தலையில் போட்டது. எசமான்களுக்கு எதிராக அடிமைகளைத் தூண்டிவிடுகிறார் என்றும் ராஜாவைத் திட்டியது.

படத்து ஜெஃபர்சன், என் அடிமைகளை விடுவிக்க முடிவு செய்துவிட்டேன் என்கிறார். நிஜ ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தார். 1826இல் அவர் இறந்தார். 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் 130 பேர் ஏலம் விடப்பட்டார்கள். பிரகடனம் எழுதிய நாட்களில் பிலடெல்பியாவில் அவருக்குப் பணிவிடை செய்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைப் பையன். படத்தில் அவனுக்கு ஒரு மூலைகூட இல்லை. அன்று அந்த நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. அவர்களுக்காக வாதாடுகிறவர் படத்தில் உண்டு, அவர்களில் ஒருவர் வாய் திறக்கும் காட்சி இல்லை.

பழமைவாதப் பணக்காரர்களை நையாண்டி செய்யும் ஒரு பாட்டும் படத்தில் இருந்தது. ஜனாதிபதி நிக்சனுக்குப் பிடிக்கவில்லை என்று தயாரிப்பாளர் ஜாக் வார்னர் அதை வெட்டினார். பிற்பாடு அதைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டார்கள். கனவான்களின் பாட்டு திரும்பி வந்தது. ராபர்ட் ஹெமிங்ஸ் வரவேயில்லை.

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது நமக்கும் பழகிய பாட்டுதான். சுயராஜ்யம் வரட்டும், சாதியை அப்புறம் பேசலாம் என்று அண்ணலின் காதிலும் ஓதினார்கள். அமெரிக்க அடிமைகளின் கதை நமக்கு அந்நியமில்லை. ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். இந்தப் படம் வந்த 1972இல்தான் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை ஏந்தி பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள்.

அங்கே அந்த 'அப்புறம்' வர 89 வருசம் ஆனது. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது அதைக் கூடத்தில் உட்கார்ந்த கனவான்கள் வாரிசுகளுக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டார்கள்.

படத்தைப் பாருங்கள், தோழர்களே. காத்திருக்கச் சொல்கிறவர் யார், காத்திருக்க வேண்டியவரை அந்தக் கூடத்துக்குள் விட்டார்களா என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.