நல்ல காப்பியும் கட்டற்ற மென்பொருளும்

வடாலாவிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் மாட்டுங்காவின் காப்பிப்பொடிக் கடைகள் கண்ணில் படுமுன்பே வாசனை வந்து சேரும். கடை முன் நிற்பவர், பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது என்கிறார். கடைக்காரர் அவர் கண்ணெதிரே கொட்டையை நிறுத்து, அரைத்து, கலந்து தருகிறார். சிக்கரி கூடிவிட்டதாகத் தோன்றினால் அடுத்த முறை பத்தாகக் குறைக்கலாம். பக்கத்து வீட்டாருக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம். கடைக்காரர் வழக்குப் போடமாட்டார். பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொடியாக இருந்தாலும், அதில் சிக்கரி எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டாக வேண்டும் என்பது சட்டம். பாதிக்கு மேல் சிக்கரி கலக்கவும் அனுமதி இல்லை.

ஒரு டம்ளர் காப்பியில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியும் உரிமையை ஒப்புக்கொண்ட அரசு, ஓய்வூதியத்தையும் ரேஷனையும் மருத்துவமனைப் பதிவையும் கணக்கிடும் மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டுங்கா, வடாலாப் பொறியியல் கல்லூரிகளில் படித்து லினக்ஸில் ஊறிப்போன கணினி ஆர்வலர்கள் நல்ல காப்பியையும் நல்ல மென்பொருளையும் ஒரே மூச்சில் பேசுவதற்கு ரசனை மட்டும் காரணமன்று. செய்முறை கைவசம் இருக்கவேண்டும், அதை மாற்றவும் பகிரவும் தடை இருக்கக்கூடாது என்பதே இரண்டுக்கும் பொதுவான நியாயம். மென்பொருளைச் சமையல் குறிப்போடு ஒப்பிட்டு இந்த நியாயத்தை உலகெங்கும் எடுத்துச்சென்றவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டமும், 1989இல் வந்த பொது உரிமமும், 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் சேர்ந்தே இன்றைய கட்டற்ற மென்பொருளுக்கு அடித்தளமிட்டன. பயன்படுத்தலாம், படித்துப் பார்த்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். ஆனால் பகிர்பவர் அடுத்தவருக்கும் இதே உரிமைகளைத் தந்தாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பதிப்புரிமையின் வேலியைப் பிரித்த ஏற்பாடு அது.

ஆனால் செய்முறை தெரிந்தால் போதும் என்று இந்த ஒப்புமையை அங்கேயே நிறுத்திவிட முடியாது. காப்பியின் வரலாறே அதற்கு இடம் தரவில்லை. தமிழகத்தின் காப்பி கிளப்புகளில் டிகாக்‌ஷன் போடும் விதம் ஒன்றும் இரகசியமாக இருந்ததில்லை. ஆயினும் பந்தி எல்லோருக்குமானதாக இல்லை. பார்ப்பனர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய உணவு விடுதிகள் இருந்தன. அந்த ஒதுக்கல் போன பின்பும் பெயர்ப்பலகை போகவில்லை. 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957இல்கூடத் திருவல்லிக்கேணியில் பெரியார் கிளர்ச்சி நடத்தவேண்டியிருந்தது. பம்பாய்க்கு எழுத்தர் வேலைக்கு வந்து மாட்டுங்காவில் குடியேறிய தமிழரின் பானம் பில்டர் காப்பி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பட்டறைகளுக்கு வந்த தலித் தொழிலாளிக்கு வாய்த்தது பெரும்பாலும் தெருவோரத் தேநீர். இரண்டு பகுதிகளுக்கும் இடையே நடக்கும் தூரந்தான்.

மென்பொருளிலும் இதே கதை. மூலநிரல் திறந்து கிடக்கிறது. ஆங்கிலமும் கணினியும் ஓய்வு நேரமும் உள்ளவருக்கு அது திறந்திருக்கிறது. கேடிஇ, குனோம் முதலிய திரைச்சூழல்களைத் தமிழாக்கிய தன்னார்வலர்களும், 2012 முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பாடங்களை வெளியிட்டுவரும் கணியம் இதழும் இந்தப் பந்தியை அகலப்படுத்தியவர்கள். அவர்களுடைய உழைப்பு இடதுசாரி இயக்கத்திற்குள் உரிய கவனம் பெறவில்லை.

இதைவிடக் கூர்மையான கேள்வி, கல்லாப்பெட்டி யார் கையில் என்பது. 1998இல் அமெரிக்காவில் 'திறமூலம்' என்ற புதிய பெயர் சூட்டப்பட்டபோது, சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டு முதலாளிகள் மிரளக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அவர்கள் மிரளவில்லை, வாரி அணைத்துக்கொண்டார்கள். கூகுளின் ஆண்ட்ராய்டு லினக்ஸ் கருவின் மேல் நிற்கிறது. அமேசான் வாடகைக்கு விடும் சர்வர்களிலும் பெரும்பகுதி லினக்ஸ்தான். நிரலர்கள் தம் நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தை மைக்ரோசாப்ட் 2018இல் 750 கோடி டாலருக்கு வாங்கியது. ரெட் ஹேட் நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டிக் காக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைப் பராமரித்துவந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே என்பதும், அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வருமானம் இல்லை என்பதும் அம்பலமாயின. பொதுவில் விளைந்தது, தனியார் களஞ்சியத்தில் சேர்ந்தது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்திற்கு நேர்ந்ததை அறிந்த விவசாயிக்கு இதில் வியப்பேதும் இராது.

இங்கேதான் காப்பியின் இன்னொரு வரலாறு உதவிக்கு வருகிறது. அது மும்பையில் தொடங்கிய வரலாறும்கூட. இந்தியா காப்பி ஹவுஸ் முதன்முதலில் 1936இல் சர்ச்கேட்டில் திறக்கப்பட்டது. இந்தியக் காப்பிக்கு உள்நாட்டுச் சந்தையைத் தேட அன்றைய காப்பி தீர்வைக் குழு செய்த ஏற்பாடு அது. பின்னர் காப்பி வாரியத்தின் கீழ் நாடெங்கும் கிளைகள் பரவின. 1950களின் நடுவில் வாரியம் கடைகளை மூட முடிவெடுத்துத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அந்தத் தொழிலாளர்களிடம் சொன்ன வழி, வேறு முதலாளியைத் தேடுவதன்று. கடையையே எடுத்து நடத்துவது. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியிலும், 1958இல் திருச்சூரிலும் தொழிலாளர்களுக்குச் சொந்தமான இந்தியன் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது.

பரிமாறியவரும் பாத்திரம் கழுவியவரும் கணக்கெழுதியவரும் உரிமையாளர்கள் ஆனார்கள். காப்பி போடும் கலையை அவர்கள் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. இல்லாதிருந்தது கடையின் மீதான அதிகாரம். மூலநிரல் தன் கண்ணெதிரே இருந்தும், வேலை தனதாக இல்லாத மென்பொருள் ஊழியரின் நிலைமைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. கூட்டுறவுகளில் தேக்கமும் குறைகளும் இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். சில ஊர்களில் கடைகள் மூடப்பட்டன. நெருக்கடி நிலைக் காலத்தில் தில்லி கனாட் பிளேஸ் காப்பி ஹவுஸ் இடித்துத் தள்ளப்பட்டது, அங்கே பேசப்பட்ட பேச்சு ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காததால் என்றே அன்று பலரும் நம்பினர். ஆனாலும் அந்தச் சங்கங்கள் பல இன்றும் காப்பி ஊற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

மென்பொருள் விஷயத்தில் இடதுசாரிகள் தொடக்கத்தில் வாளாவிருக்கவில்லை. 2004 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட காப்புரிமை அவசரச் சட்டம், வன்பொருளோடு இணைந்த கணினி நிரலுக்குக் காப்புரிமை பெற வழிதிறந்தது. அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு இடதுசாரிகளின் வெளியாதரவில் நின்ற காலம் அது. இடதுசாரிகளின் எதிர்ப்பால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. கணினி நிரல் என்ற அளவில் அதற்குக் காப்புரிமை கிடையாது என்னும் 3(கே) பிரிவு இன்றும் அப்படியே இருப்பது அந்தப் போராட்டத்தின் பயன். மருந்து விலை குறித்த அன்றைய வாதங்கள் நினைவில் நிற்கும் அளவுக்கு இது நிற்கவில்லை.

கேரளப் பள்ளிகளில் நடந்தது இன்னும் பெரியது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாக முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன் வழிவந்த கைட் நிறுவனம், 2 லட்சம் பள்ளிக் கணினிகளால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறதென்று 2019இல் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் யாரும் குறை காணலாம். உரிமங்களைப் பட்டியல் விலைக்குத்தான் வாங்கியிருப்பார்களா என்று கேட்கலாம். ஆனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டதையும், பாடநூல்கள் அதற்கேற்ப எழுதப்பட்டதையும், மலையாள வழிக் குழந்தை தன் மொழியில் கணினியைக் கற்றதையும் மறுக்க முடியாது. தமிழகத்தில் 2011 முதல் மாணவர்களுக்குத் தரப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் இயங்குதளத்தை மட்டும் ஏற்றி அனுப்பினால் அந்தப் பக்கத்தை எத்தனை மாணவர்கள் திறந்து பார்த்திருப்பார்கள்? பில்டரைக் கொடுத்துவிட்டு வெந்நீரைக் கொடுக்காத கதை.

பிறர் கையில் சாவி இருப்பதன் பொருள் என்ன என்பதை 2025 ஜூலை காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணம் காட்டி, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட நயாரா எனர்ஜி நிறுவனத்திற்கான மின்னஞ்சல் முதலிய சேவைகளை மைக்ரோசாப்ட் திடீரென்று நிறுத்தியது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்திற்குப் போன பிறகே சேவை மீண்டது. ரஷ்யப் பங்கு கொண்ட ஒரு தனியார் எண்ணெய் நிறுவனத்திற்காக யாரும் கண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் இந்தியச் சட்டம் எதையும் மீறாத ஓர் அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்தை எங்கோ எடுத்த முடிவால் ஒரே நாளில் முடக்க முடியுமென்றால், நாளை அது ஒரு துறைமுகமாகவோ மின்வாரியமாகவோ இருக்கலாம்.

ஒன்றிய அரசு இதற்குக் கண்டுபிடித்த மருந்து சுதேசி முழக்கம். பன்னிரண்டு லட்சம் அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் சோகோ நிறுவனத்தின் தளத்திற்கு மாற்றப்பட்டுள்ளது. அமைச்சர்களே அதற்கு விளம்பரத் தூதர்கள். அந்த நிறுவனம் தமிழகத்தில் வளர்ந்தது என்பதில் மகிழ்ச்சி கொள்ளலாம். ஆனால் அதன் அலுவலக மென்பொருளும் மூலநிரல் மூடிய மென்பொருளே. பூட்டு உள்ளூரில் செய்யப்பட்டதால் சாவி மக்கள் கைக்கு வந்துவிடாது. திறமூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று இதே அரசு 2015இல் கொள்கை வெளியிட்டது. அந்தக் கொள்கை என்னவாயிற்று என்று நாடாளுமன்றத்தில் கேட்கவேண்டியவர்கள் இடதுசாரி உறுப்பினர்களே.

வடாலாவாசிகளுக்கு இதை விளக்க மென்பொருள்கூடத் தேவையில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். 2014 பிப்ரவரியில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே ஓடத்தொடங்கிய மோனோ ரயில், மலேசியாவின் ஸ்கோமி நிறுவனத்தின் தொழில்நுட்பம். 2018 டிசம்பரில் ஒப்பந்தம் ரத்தானதும் உதிரிபாகங்களுக்குத் திண்டாட்டம். ஒரு வண்டியின் பாகங்களைக் கழற்றி இன்னொன்றை ஓட்டும் நிலை. 2025 செப்டம்பர் 20 அன்று மேம்பாட்டுப் பணி என்று சேவையே நிறுத்தப்பட்டது. செய்முறை ஒரே நிறுவனத்திடம் இருந்தால், அது விலகிய பின் தூண்கள் மட்டுமே மிஞ்சும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகளில் ஏறாது. நன்றாக ஓடும் இயந்திரங்கள் ஒரு நிறுவனத்தின் நாட்காட்டிப்படி குப்பையாகின்றன. அவற்றைப் பிரித்து உடைக்கும் வேலை கடைசியில் கையுறைகூட இல்லாத தொழிலாளியின் தலையில் விழும். அதே இயந்திரங்களில் லினக்ஸை ஏற்றினால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அவை போதும். கிளை அலுவலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், விஷயம் தெரிந்த இரண்டு தோழர்களும் இருந்தால் பத்து கணினிகளை மாற்றிவிடலாம்.

அந்த அலுவலகத்துக் கணினியிலிருந்தே தொடங்குவது நல்லது. ஏகபோகத்தைக் கண்டித்துத் துண்டறிக்கை தயாராவது பெரும்பாலும் திருட்டுப் பிரதி விண்டோஸிலும் பேஜ்மேக்கரிலும்தான். அது ஏகபோகத்திற்கு இழப்பன்று. பழக்கத்தை இலவசமாக வளர்த்துக்கொடுக்கும் சேவை. தமிழக அரசு யூனிகோடு முறையை 2010இலேயே ஏற்றுவிட்டது. அதற்கு முன்பும், பல இடங்களில் அதற்குப் பின்பும், தொழிற்சங்கங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்துவைத்த கோரிக்கை மனுக்கள், மாநாட்டு அறிக்கைகள், உறுப்பினர் பட்டியல்கள் இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. அந்த எழுத்துரு இருந்த கணினி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மாற்றித் தரும் நிரல்களைத் தமிழ்த் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். லிபர் ஆபிஸ் இருக்கிறது. பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. பழைய குறுந்தகடுகள் பூஞ்சை பிடிக்குமுன் அலமாரியைத் திறக்க யாராவது வரவேண்டும்.