கைநழுவும் சொத்து

ஒரு பரப்புக் காணியை அரசு எடுக்க முற்பட்டால் ஊர் திரள்கிறது, மனுக்கள் எழுதப்படுகின்றன, நீதிமன்றப் படிகளும் ஏறப்படுகின்றன. இது நியாயமான போராட்டமே. ஆனால், எவரும் பறிக்காமல் நாமாகவே அரசின் கையிற் கொடுத்துவிடும் சொத்தைப் பற்றி எம்மவரிற் பலர் சிந்திப்பதில்லை.

நெல் ஆலைக்கோ மருத்துவ நிலையத்துக்கோ உறவினரும் நண்பரும் முதல் திரட்டி, வரையறுத்த பொறுப்புக் கம்பனி அமைக்கின்றனர். காணியும் கட்டடமும் கம்பனியின் பெயரில் உறுதி முடிக்கப்படுகின்றன. அதன்பின் பதிவுப் பத்திரம் பெட்டிக்குள் உறங்குகிறது. கேட்டால், “வியாபாரம் நடக்கவில்லை, எதை அறிவிப்பது?” என்கின்றனர் சிலர். “இறைவரித் திணைக்களத்துக்குக் கணக்குக் கொடுத்துவிட்டோமே” என்கின்றனர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா விடைகள்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்து 30 வேலை நாட்களுக்குள் வருடாந்த விபரத்திரட்டு கம்பனிகள் பதிவாளரைச் சேரவேண்டும். பதிவு செய்த முகவரி, பணிப்பாளர், செயலாளர், பங்குதாரர் ஆகியோர் விபரம் அதில் அடங்கும். வரிக் கணக்கு வேறு, இது வேறு. வியாபாரம் நடவாத ஆண்டிலும் இக்கடமை நீங்காது.

தவறினால் வருவது தண்டப் பணம் மாத்திரமன்று. விபரம் வராத கம்பனி தொழில் நடத்தவில்லை என்று பதிவாளர் கருத இடமுண்டு. விளக்கம் கேட்டு அவர் அனுப்பும் கடிதம் பதிவு செய்த முகவரிக்கே செல்லும். போரினால் இடம்பெயர்ந்தும் கடல் கடந்தும் சென்றோரின் பூட்டிய வீட்டில் அக்கடிதத்தை யார் வாங்குவார்? பதில் இல்லையேல் வர்த்தமானியில் அறிவித்தல் வரும். பின் கம்பனியின் பெயர் பதிவேட்டிலிருந்து வெட்டப்படும். அவ்வாறு கலைந்த கம்பனியின் சொத்து, உரிமையாளரற்ற சொத்தாக அரசைச் சேரும். நீதிமன்றம் சென்று பெயரை மீட்க வழியுண்டு. ஆனால் ஒரு படிவத்தை அனுப்பச் சோம்பியவர் அதற்காகும் செலவையும் காலத்தையும் எண்ணிப் பார்க்கட்டும்.

இக்கடமையை வீண் தொல்லை எனக் கொள்வதும் தவறு. கம்பனி முறிந்தாலும் பங்குதாரரின் வீடுவாசல் கடனுக்குப் போகாது என்பது சட்டம் அளித்த சலுகை. அச்சலுகையின் விலையே பகிரங்கமாக விபரம் கொடுத்தல். கடனுக்கு நெல் கொடுக்கும் கமக்காரன், தான் நம்பும் கம்பனியை நடத்துவோர் யாரென அறிய வேண்டாமா? சங்கக் கூட்டத்தில் சதக் கணக்கும் கேட்டுப் பழகிய, மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையையே நடத்திக் காட்டிய மக்களுக்கு இவ்வொழுங்கு புதிதன்று.

அரசுக்கும் கடமையுண்டு. தமிழிற் கருமமாற்ற அரசியலமைப்பு அளித்த உரிமை, இத்துறையின் படிவத்திலும் பதிலிலும் முழுமையாக நிறைவேற வேண்டும். அதை நாம் உறுதியுடன் கோருவோம். ஆயினும் அக்கோரிக்கை எமது கடமையை ஒத்திப்போடும் சாட்டாகக் கூடாது.

பணிப்பாளர்கள் இவ்வாரமே பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். முகவரி மாறியிருந்தால் அறிவிக்கட்டும். நிலுவையிலுள்ள விபரத்திரட்டுகளை அனுப்பட்டும். வழக்கறிஞரும் கணக்காளரும் தம் ஊர்க் கம்பனிகளுக்கு வழிகாட்ட முன்வர வேண்டும். மண்ணைக் காப்போம் என்று முழங்குவோர், அம்மண்ணின் உரிமையைத் தாங்கும் ஏட்டையும் காக்கக் கடமைப்பட்டுள்ளனர்.