விரல் நுனியில் ஒரு தீர்ப்பு

மனிதன் சாதி பார்ப்பான், நிறம் பார்ப்பான். இயந்திரம் பார்க்காது என்பது படித்தவர்களின் புதிய வேதம். அந்த வேதத்தை நான் ஏற்பதற்கில்லை.

2020, 2021-ஆம் ஆண்டுகளில், கொரோனாவுக்குப் பயந்து கடை கடையாய்த் தேடி வாங்கினோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்த தத்துவம் அது. சிவப்பு ஒளியும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவுகின்றன. பிராணவாயு குறைந்த இரத்தம் முன்னதை அதிகம் உறிஞ்சும். நிறைந்த இரத்தம் பின்னதை. அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் கருவி ஓர் எண்ணைச் சொல்கிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த யுக்திதான், மறுப்பார் யார்?

ஆனால், ஐயா, இரத்தத்தை அடையுமுன் ஒளி தோலைக் கடக்க வேண்டாமா? தோலின் கருமையும் ஒளியை விழுங்குமே! 2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஓர் அமெரிக்க ஆய்வை வெளியிட்டது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் தமனி இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். உண்மை அளவு 88-க்கும் கீழே கிடந்தது, வெள்ளையர்களிடம் நூற்றுக்கு 3.6 சோதனைகளில், கறுப்பர்களிடம் 11.7-இல்!

பாவம், கருவி என்ன செய்யும்? அதற்குக் கணக்குக் கற்பித்தவர்கள் யாருடைய விரலை வைத்துக் கற்பித்தார்கள் என்று கேளுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-இல் தந்த நெறிமுறைப்படி, பத்துப் பேரிடம் சோதித்தால் அதில் கருமைத் தோலினர் இரண்டே பேர் இருந்தால் போதும். 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில்தான், 150 பேராவது வேண்டும், எல்லா நிறத்தவரும் வேண்டும் என்று அதற்குத் தோன்றியது. எவருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டையை உலகத்துக்கே மாட்டிவிட்டு, "பொருந்தவில்லையா? உன் உடம்புதான் கோணல்" என்றால் அது என்ன நியாயம்?

கட்டிலில் கிடப்பவன் "மூச்சு முட்டுகிறது" என்கிறான். பக்கத்தில் நிற்பவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கிறார். "95 இருக்கிறதே, உனக்கு ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். திணறுகிறவனின் சாட்சியம் செல்லாது. பெட்டியின் சாட்சியம் செல்லும்! இந்த மடமையைத்தான் நான் வெறுக்கிறேன்.

கருமையும் மாநிறமுமான மக்கள் நிறைந்தது நம் தேசம். இங்கே விற்கப்படும் ஒவ்வொரு கருவியின் பெட்டிமேலும், எந்த எந்த நிறத்தவர் எத்தனை பேரிடம் சோதித்தது என்று அச்சிடட்டும். விலையை அச்சிடுகிறவர்களுக்கு இதை அச்சிட இடமா இல்லை? அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும், மூச்சுத் திணறுகிறது என்று ஒருவன் சொன்னால் முதலில் அவனை நம்புங்கள். எண்ணை அப்புறம் பார்க்கலாம்.