புறவாசலில் ஒரு குற்றாலம்!

சிவகிரியில் பஸ் ஏறினால் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோய்க் குற்றாலத்தில் இறக்கி விட்டுவிடுவார்கள். பஸ் டிக்கெட், எண்ணெய்த் தேய்ப்பு, மிளகாய் பஜ்ஜி, அருவியில் தொலைத்த துண்டு எல்லாம் சேர்த்தாலும் சம்பளத்தில் பெரிய பள்ளம் விழாது. ஆனாலும் ஆனி, ஆடியில் சாரல் தலைகாட்டியதும் நம் ஊர் ஆபீஸ் வாலிபர்கள் சிலருக்கு ஒரு விபரீத ஆசை வருகிறது. 'குற்றாலத்தையே நம்ம வீட்டுப் புறவாசலுக்குக் கொண்டு வந்துட்டா என்ன?'

காரணம் செல்போன். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் முப்பது செகண்டில் குழி தோண்டி, ஷீட் விரித்து, கல் அடுக்கி, தண்ணீர் விட்டு, முப்பத்தோராவது செகண்டில் மீன் விடுகிறார். பின்னணியில் வயலின் வேறு! கடப்பாரையைக் கையால் தொட்டே இராத ஆசாமிகூட, 'இம்புட்டுத்தானா?' என்று எழுந்துவிடுகிறார்.

என் மச்சினன் அப்படி எழுந்தவன்தான். புது வீடு கட்டி முடித்து, பால் காய்ப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் பண்ணினான். "அத்தான், புறவாசல்ல ஒரு குளம் போடுதேன். எட்டுக்கு அஞ்சு, ரெண்டடி ஆழம். மேல இருந்து அருவி மாதிரி தண்ணி விழும். விசேஷத்துக்கு வர்றவன் அசந்துரணும்."

நான் பி.காம். எந்த ஆசையாக இருந்தாலும் முதலில் பேப்பரில் போட்டுப் பார்க்கிற ஜாதி. எட்டு பெருக்கல் அஞ்சு பெருக்கல் ரெண்டு, 80 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் சுமார் 2,260 லிட்டர். நம் வீட்டுக் குடக் கணக்கில் நூற்றைம்பது குடம்! இதைச் சொன்னதும் என் மாமியார் மோவாயில் கை வைத்துவிட்டார். "ஏய்யா, நூத்தம்பது கொடத்த மீனுக்கு ஊத்திட்டு, நாம பன்னீர்லயா குளிக்க?"

அதோடு போகுமா? வெயில் காலத்தில் நாற்பது சதுர அடித் தண்ணீர்ப் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு இருபது லிட்டராவது ஆவியாகப் போகும். தினமும் ஒண்ணேகால் குடம் வட்டி கட்ட வேண்டும் என்று அர்த்தம். அசல் தனி!

மச்சினன் வட்டிக்கு அஞ்சுகிறவன் இல்லை. (ஹவுசிங் லோன் வாங்கியவன்.) வேலை ஆரம்பமானது.

இதில் கொத்தனார் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் முதல் நாள் கையில் கொண்டுவந்தது தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் ட்யூப். குழியின் நாலு மூலையிலும் அதைப் பிடித்து மட்டம் பார்த்தார். "தண்ணி பொய் சொல்லாது சார். ஒரு விரக்கடை சரிஞ்சாலும் ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் சிமெண்டு பல்லைக் காட்டும்" என்றார். கட்டி முடித்ததும் இன்னொன்றும் சொன்னார். "புதுச் சிமெண்டு சுண்ணாம்பு கக்கும். வாழைத்தண்ட வெட்டிப் போட்டு ஊறவிட்டு, ரெண்டு மூணு தரம் தண்ணிய மாத்துங்க. மீனுக்கு இப்ப அவசரப்படாதீங்க."

பட்டதாரி வீட்டில் கொத்தனார் பேச்சை யார் கேட்பது? பால் காய்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து பதினைந்து கோல்டு ஃபிஷ் வந்து இறங்கின. ஒண்ணாம் வகுப்புப் படிக்கும் மச்சினன் மகள், ஒவ்வொரு மீனுக்கும் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வைத்தாள். ராத்திரி டார்ச் அடித்து அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டுத்தான் தூங்கப் போனாள். பதினைந்து பேரும் 'உள்ளேன் ஐயா'.

விடியற்காலையில் கோலம் போட எழுந்த மாமியார்தான் முதலில் பார்த்தார். சத்தம் காட்டாமல் எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளி, தென்னை மூட்டில் புதைத்துவிட்டு வந்து அடுப்பில் பாலை வைத்தார். குழந்தை எழுந்து நேரே புறவாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்து என்னிடம்தான் கேட்டாள்.

"எல்லாரும் ஒரே நாள்லயா லீவு மாமா?"

அங்கே நின்ற பெரியவர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு கரண்டி கேசரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டோம்.

நடந்தது இதுதான். சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு என்கிற சுண்ணாம்புச் சரக்கு வெளியே வரும். அது தண்ணீரில் கலந்தால் காரத்தன்மை எகிறிவிடும். பி.ஹெச். என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்கில் மீனுக்கு ஆறரையிலிருந்து எட்டரை வரை சௌகரியம். புதுச் சிமெண்ட் தொட்டியில் அது பதினொன்றைக்கூடத் தாண்டும். அக்வேரியம் கடையில் பி.ஹெச். பார்க்கிற காகிதப் பட்டை விற்கிறார்கள். அதை ஒரு தரம் முக்கி எடுத்திருந்தால் ஒண்ணாம் வகுப்பு பிழைத்திருக்கும். சிமெண்டே வேண்டாம் என்கிறவர்கள் சில்பாலின் ஷீட்டை விரித்துக் குளம் போடுகிறார்கள். சுண்ணாம்பு பயம் இல்லை. குழியில் கூர்மையான கல் இல்லாமல் பார்த்து, அடியில் மணலோ பழைய சாக்கோ போட்டால் போதும்.

பேரூராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தால் அது ஓடிப்போகும்.

ஆனால் எந்த முறையில் கட்டினாலும் தப்ப முடியாத எதிரி ஒன்று உண்டு. அமோனியா! மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான். தண்ணீரில் காரம் கூடக் கூட இந்த விஷத்தின் வேகமும் கூடும். ஆற்றிலும் குளத்திலும் இதை யார் சுத்தம் பண்ணுகிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். அது செடிக்குச் சாப்பாடு. இந்த இரண்டு செக்‌ஷனும் புதுத் தொட்டியில் சார்ஜ் எடுத்துக்கொள்ள நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஆபீஸ் டிரான்ஸ்ஃபர் மாதிரிதான், அவசரப்படுத்தினால் ஃபைல் நகராது. வேகம் வேண்டுமென்றால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மீன் தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்சோ ஒரு பிடி கூழாங்கல்லோ கேட்டு வாங்கிப் போடுங்கள். முதலில் நாலைந்து மீன் மட்டும். அதுவும் கடைக்காரர் கொடுத்த பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அப்புறம் திறந்துவிட வேண்டும்.

அந்த ஒரு மாதம் மீன் இல்லாத தண்ணீரில் கொசு வராதா என்றால், வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர் என்றால் உயிர். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதனால் முதல் நாளிலிருந்தே பம்ப் ஓடித் தண்ணீர் அலைந்துகொண்டிருக்க வேண்டும். வாரம் தவறாமல் புழு இருக்கிறதா என்று வலையால் அள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு விட வேண்டிய முதல் மீன் கப்பி. டிரினிடாட் தீவிலிருந்து 1866-ல் இதை லண்டனுக்கு அனுப்பிய கப்பி என்பவரின் பெயரே மீனுக்கும் ஒட்டிக்கொண்டது. கொசுப் புழுவைப் பொரி மாதிரி தின்னும். முட்டையிடாமல் குட்டி போடும். மச்சினன் வீட்டில் நாற்பது நாள் கழித்து ஆறு கப்பி விட்டோம். மூன்றாம் மாதத்தில் குழந்தை அட்டெண்டன்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டாள். "எண்ண முடியல மாமா, தெனமும் புது அட்மிஷன்!"

ஒரு வேண்டுகோள். குட்டி அதிகமாகிவிட்டது என்று கப்பியையோ, அழகுக்குப் போட்ட வெங்காயத்தாமரையையோ ஊர்க் குளத்தில் கொண்டுபோய்த் தட்டாதீர்கள். அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறவர்களுக்கு இடைஞ்சல்.

அருவி விஷயத்துக்கு வருவோம். 18 வாட் பம்ப் ஒன்று இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். கரண்ட் பில்லில் முதல் நூறு யூனிட் இலவசம் என்றாலும் நம்மவர்களுக்கு மனசு கேட்காது. ராத்திரி யார் பார்க்கப் போகிறார்கள் என்று அணைத்துவிடுவார்கள். அங்கேதான் வினை! ராத்திரியில் செடியும் மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கும். விடிகிற நேரத்தில் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். அருவி நமக்கு வேடிக்கை, மீனுக்கு மூச்சு. பகலில் அணைத்தாலும் அணையுங்கள், ராத்திரி வேண்டாம். ஈரக் கையால் தொடுகிற சமாச்சாரம், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. கட்டாயம். அருவியின் உயரமும் ஓரடியோடு நிற்கட்டும். மலையடிவாரத்து ஆடிக் காற்றுக்கு மூன்றடி அருவி வைத்தால், தண்ணீர் குளத்தில் விழாது, பக்கத்து வீட்டு வடகத்தில்தான் விழும்.

கடைசியாக, செலவிலேயே முதலில் எழுத வேண்டிய செலவு. கம்பி வலை. ரெண்டடி ஆழம் நமக்கு முழங்கால், தவழ்கிற பிள்ளைக்கு அது கிணறு. ஓரடித் தண்ணீரே போதும், ஒரு நிமிஷம் கண் தப்பினால் போதும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒரு பெரிய ஆள் ஏறி நின்றாலும் வளையாத கனத்தில் கம்பி அடித்து மூடிவிட வேண்டும். 'லுக் போயிரும் அத்தான்' என்றான் மச்சினன். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். மறுநாளே வெல்டிங்காரர் வந்துவிட்டார்.

அந்த வலையால் பூனையும் நின்றது. கொக்குதான் நிற்கவில்லை. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக்கூடாது என்று சிவபெருமானிடம் வரம் வாங்கியதாகத் திருவிளையாடல் புராணம் சொல்லும் நாரைக்கு, மீனைத் தின்னும் ஆசையே விட்டுப்போயிருந்தது. சிவகிரிக் கொக்குக்கு அந்த அளவு பக்தி போதாது. தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு, மச்சினன் பைக் தெருமுனை திரும்பியதும், காம்பவுண்ட் சுவரில் வந்து உட்கார்ந்து கம்பிச் சந்தை ஒவ்வொன்றாக அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறதாம். மாமியார் சொல்கிறார்.