ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் முழுப் பூசை காண வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கட்டளை. முதல் நன்மை வாங்குகிற வயதிலேயே நம் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தக்க காரணமில்லாமல் தவறினால் பாவம் என்றும் கூடவே சொல்லிக்கொடுக்கிறோம். நல்லது. ஆனால் இந்தக் கட்டளையை நிறைவேற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்க வேண்டுமே! அது நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

நம் சங்கத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. இது வேதக்காரர் வீட்டு விஷயம் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பூசையில் தொடங்கினாலும் விஷயம் வார ஓய்வுதான். அது மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவனுக்கும் உண்டு, எங்கும் போகாமல் வீட்டில் படுத்து உறங்க நினைக்கிறவனுக்கும் உண்டு.

புனேயில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு யார் வருகிறார்கள்? பென்ஷன்காரர்கள், டிப்போவிலும் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் நிரந்தர வேலையில் இருப்பவர்கள், எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்கள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள், காண்டிராக்டர்கள். அவர்களுடைய குடும்பங்கள். வராதவர்கள் யார்? அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வாட்ச்மேன். காலை ஆறு மணிக்கே நாலு வீட்டுப் பாத்திரம் துலக்கப் புறப்பட்டுவிடுகிற நம் அக்கா தங்கைகள். ஓட்டலில் மாவாட்டுகிற, மேஜை துடைக்கிற தம்பிகள். ஆஸ்பத்திரி ஆயா. கட்டட வேலைக்காரன். இவர்களுக்கு ஞாயிறுதான் வாரத்திலேயே கடுமையான நாள். மற்றவர்கள் வீட்டில் இருக்கிற நாள் அல்லவா? விருந்தாளி வருவார், பாத்திரம் இரட்டிப்பாகும், ஓட்டலில் வரிசை நிற்கும்.

"தமிழர்கள் திருவிழாவுக்கு வருவார்கள், பூசைக்கு வரமாட்டார்கள்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பீடத்தருகிலும் கேட்டிருக்கிறேன், பங்குப் பேரவைக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. செப்டம்பர் 8 மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணி வரை பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போகிறவனுக்கா பக்தி இல்லை? ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் கூலியை மாதாவுக்குக் கொடுத்துவிடலாம். ஐம்பத்திரண்டு நாள் கூலியைக் கொடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. குறை பக்தியில் இல்லை, கூலியில் இருக்கிறது.

பிம்ப்ரி, சிஞ்ச்வாடு, போசரி பகுதியில் இன்னொரு வேடிக்கை. அங்கே பல தொழிற்சாலைகளில் வார விடுமுறை வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கச் செய்த ஏற்பாடு அது. இப்படியாக நம் ஆள் ஒருவனுக்கு வியாழக்கிழமை ஓய்வு, அவன் மனைவிக்கு ஓய்வே கிடையாது, பிள்ளைகளுக்கு ஞாயிறு விடுமுறை. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்பதே அபூர்வம். ஒன்றாகப் பூசை காண்பது எப்படி?

வார ஓய்வு வானத்திலிருந்து விழுந்ததல்ல. இந்த மராட்டிய மண்ணில் அதற்காகப் போராடி வாங்கியவர் ஒருவர் உண்டு. நாராயண மேகாஜி லோகாண்டே. மகாத்மா ஜோதிராவ் புலேயின் தோழர். மெட்ரிக் வரை படித்தவர். முதலில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். புனேயில் 1877இல் தொடங்கப்பட்ட 'தீனபந்து' பத்திரிகையைப் பிறகு பம்பாயிலிருந்து நடத்தியவர். 1884இல் பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். முதலாளிகள் அசையவில்லை. 1890 ஏப்ரலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள். 1890 ஜூன் 10ஆம் தேதி மில் முதலாளிகள் சங்கம் இறங்கி வந்தது. ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அடுத்த ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே வார ஓய்வு ஏறியது.

ஏன் ஞாயிறு என்று லோகாண்டே சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். ஞாயிறு கண்டோபாவின் நாள் என்றார். இதோ நம் புனேக்குப் பக்கத்தில் ஜெஜுரி மலையில் மஞ்சள் தூவி வணங்குகிறார்களே, அந்தக் கண்டோபா. மராட்டியத் தொழிலாளி தன் குலதெய்வத்தின் பெயரால் கேட்டு வாங்கிய நாளில்தான் தமிழ்க் கத்தோலிக்கன் பூசைக்குப் போகிறான். 1966இல் சிவசேனை பிறந்து, பம்பாயில் தென்னிந்தியர்களைத் துரத்து என்று கிளம்பிய கதை நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. லோகாண்டேயின் கதையையும் அதோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு 2005இல் தபால்தலை வெளியிட்டார்கள். நம் பங்குகளில் அவர் பெயரைக் கேட்டறிந்தவர்கள் எத்தனை பேர்?

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலை எழுதியது 1891 மே மாதம். ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை, அதை எந்த ஒப்பந்தத்தாலும் பறிக்கக் கூடாது என்பது அதில் வருகிறது. லோகாண்டே வென்று பதினோரு மாதம் கழித்து! அதே பாப்பரசர்தான் 1893இல் கண்டியில் ஒரு குருமடம் ஏற்படுத்தினார். 1955இல் அது புனேக்கு வந்தது. நகர் ரோட்டில் போகிற எல்லோரும் பேப்பல் செமினரியைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாசலைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் வீட்டு வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு, இதை நிறுவியவர் தங்களுடைய ஓய்வுக்காக வாதாடியவர் என்பதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

நேரத்தை வளைக்க முடியாது, பூசை நேரம் பூசை நேரம்தான் என்று சிலர் சொல்வார்கள். திருச்சபை தொழிலாளிக்காக எத்தனையோ முறை நேரத்தை வளைத்திருக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் நன்மை வாங்க வேண்டுமானால் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பூசையும் காலையில்தான். இராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவன் கதி என்ன? 1953இல் 12ஆம் பத்திநாதர் தண்ணீர் குடிக்கலாம் என்றார், மாலைப் பூசைக்கும் வழி திறந்தார். 1964இல் உபவாசம் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறிவிடும். சங்கடம் உள்ளவனுக்குப் பங்குத்தந்தையே கடனிலிருந்து விலக்குக் கொடுக்கலாம், வேறொரு பக்திச் செயலாக மாற்றியும் கொடுக்கலாம்.

மொழி விஷயத்திலும் அப்படித்தான். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டபின் லத்தீன் போய்த் தாய்மொழி வந்தது. லத்தீன் இருந்தவரை கோவாக்காரர், மராட்டியர், மலையாளி, தமிழர் எல்லோரும் ஒன்றாகப் புரியாமல் நின்றோம். தாய்மொழி என்றவுடன் யார் தாய்மொழி என்ற கேள்வி வந்தது. பல மொழிக்காரர் பங்கு போட்டுக்கொள்ளும் கோயிலில் தமிழுக்கு வாரம் ஒரு வேளை கிடைத்தாலே பெரிது. அதற்காக நம் பெரியவர்கள் அலைந்தது வீண்போகவில்லை. ஆனால் அந்த ஒரு வேளையும் நிரந்தர வேலைக்காரனுக்குத் தோதான வேளையாகவே அமைந்துவிடுகிறது. மொழி அருகில் வந்துவிட்டது, வேளை இன்னும் தூரத்தில் நிற்கிறது.

இந்த நகரத்தில் கோயில்கள் எப்படி வந்தன என்று பார்த்தாலும் இது விளங்கும். குவார்ட்டர் கேட் பக்கத்து சிட்டி சர்ச் 1792இல் எழுந்தது. பேஷ்வா சவாய் மாதவராவின் படையில் வேலைக்கு வந்த கோவாக் கிறிஸ்தவர்களுக்காக, பேஷ்வா கொடுத்த நிலத்தில் எழுந்தது. 1850இல் செயின்ட் பாட்ரிக் கோயில் ஐரிஷ் சிப்பாய்களுக்காக. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் இந்த ஊரில் முதலில் கோயில் கட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயை ஞாயிறு காலை அணிவகுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போவது பட்டாளத்து ஒழுங்கு. அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடித்ததில்லை. நம் வாட்ச்மேனும் யூனிபாரம் போட்டவன்தான். ஒரு மணி நேரம் கேட்டை விட்டுப் போனால் அரை நாள் சம்பளம் போய்விடுகிறது.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். நம் ஆட்களை ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குகிறவர்கள் எல்லோரும் சேட்டுகளா? முன்வரிசையில் முழந்தாளில் நிற்கிற நம் காண்டிராக்டர்களில் சிலரும்தான். ஊரிலிருந்து பையன்களை அழைத்து வந்து, தங்க ஒரு தகரக் கொட்டகை கொடுத்து, மாதம் முப்பது நாளும் வேலை வாங்கிக்கொண்டு, திருவிழாவன்று தேருக்குப் பூமாலை கொடுக்கிறார்கள். தேர் அலங்காரத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், பிறர் ஓய்வுநாளைக் கடைப்பிடிக்க முடியாதபடி தேவையில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. ஓய்வு வாய்த்தவர்கள், வறுமையால் ஓய்வெடுக்க முடியாத சகோதரர்களை மறக்கக் கூடாது என்கிறது. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளையே வேலைக்காரனையும் வேலைக்காரியையும், ஏன், மாட்டையும் கழுதையையும்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் (இப்போது இணைச்சட்டம் என்கிறார்கள்) எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தாயே என்ற நினைவூட்டலும் அதோடு வருகிறது. இரண்டு தலைமுறைக்கு முன் டிரங்குப் பெட்டியோடு இந்த ஸ்டேஷனில் இறங்கியவர்களின் பிள்ளைகள்தானே இன்றைய காண்டிராக்டர்களும்?

பூசைக்கு வர முடியாதவனுக்கு மன்னிப்பு உண்டு, அவனுக்குப் பாவமில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பாவம் அவனுடையது இல்லையென்றால் யாருடையது என்று அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1948 தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வைக் கட்டாயமாக்கியது. 2020இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. காகிதத்தில் உள்ளதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும். ரயில்வேயில் ரோஸ்டரில் ஓய்வு எழுதித் தொங்குகிறதென்றால், 1974 மே மாதம் 8ஆம் தேதி முதல் 27 வரை வேலைநிறுத்தம் செய்து சிறைக்கும் போன மூத்த தோழர்களுக்கு அதில் பங்குண்டு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கோ காகிதமும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 2008இல் அவர்களுக்காக நல வாரியச் சட்டம் வந்தது. வார ஓய்வு அதில் இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஞாயிறு இல்லாத நம் மக்களுக்கு இன்றைக்கு உண்மையான கோயில், வாரநாளில் இரவு எட்டரைக்கு மேல் யாராவது ஒருவர் வீட்டில் கூடும் அன்பியம்தான். தேஹு ரோட்டிலும் கட்கியிலும் தாடிவாலா ரோட்டிலும் பத்துக்குப் பத்து அறையில் இருபது பேர் நெருக்கி உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார்கள். கைக்குழந்தை அழும், பக்கத்து அறையில் டி.வி. ஓடும், சொல்லி முடித்ததும் ஒரு டம்ளர் சாயா. பெரிய கோயிலில் வாய் திறக்காத பெண்கள் அங்கே தைரியமாகச் சத்தமிட்டு மன்றாடுகிறார்கள். நோய்க்கு, கடனுக்கு, பிள்ளை பரீட்சைக்கு. வார ஓய்வுக்காக யாரும் மன்றாடி நான் கேட்டதில்லை. கிடைக்கக் கூடியது என்ற எண்ணமே விட்டுப்போய்விட்டது போலும்.

ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. ஒவ்வொரு அன்பியத்திலும் ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒரு நோட்டை எடுத்து எழுத வேண்டும்: எந்த வீட்டில் யாருக்கு என்ன வேலை, எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, ஓய்வே இல்லையா. பெயர் வேண்டாம், முதலாளி பெயரும் முதலில் வேண்டாம். பயந்து சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் இரண்டு கோரிக்கை வைக்கலாம். ஒன்று, தமிழ்ப் பூசையில் மாதம் ஒன்றையாவது சனிக்கிழமை இரவுக்கு மாற்றுவது. போசரிப் பக்கம் வியாழக்கிழமை மாலையில் தமிழில் ஒரு பூசை வைப்பது. வியாழன் பூசையால் ஞாயிற்றுக் கடன் தீராது என்பார்கள். தீராவிட்டால் போகட்டும், புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் சேர்ந்து உட்காரட்டும், விலக்குக் கொடுக்கிற அதிகாரம்தான் அவரிடமே இருக்கிறதே. இரண்டாவது, பங்குப் பேரவையில் இருக்கிற காண்டிராக்டர்களும் கடைக்காரர்களும் தங்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுப்பதாகப் பேரவை மினிட்டில் எழுதிக் கையெழுத்திடுவது.

நம் இந்து சகோதரர்களின் பஜனைக் கூடங்களிலும் இதே நோட்டை வைக்கலாம். கோடு போட்ட நூறு பக்க நோட்டுகள் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிறு வேலைக்குப் போகிறவர்கள் வேறு நாளில் வந்து வாங்கிக்கொள்ளலாம். தினமும் இரவு ஒன்பதரை வரை யாராவது ஒருவர் இருப்போம்.